வாபஷாவில் வெண்தலைக் கழுகு பார்த்தல்: உறையாத ஆறு, கழுகு மையம், 25 டாலர் டக் ஸ்டாம்ப்

'பால்ட் ஈகிள்' என்பதை வழுக்கைக் கழுகு என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பறவைக்கு வழுக்கை கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வெள்ளைத் திட்டு என்றொரு பொருள் இருந்தது. அதனால் வெண்தலைக் கழுகு என்பதே சரி. நம்மிடம் இன்னொரு சொல் தகராறும் உண்டு. வேட்டையாடுவதும் கழுகு, பிணம் தின்பதும் கழுகு. பின்னதற்குப் 'பாறு' என்ற பழைய சொல்லைப் பறவை ஆர்வலர்கள் மீட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக் குளிர்காலத்தில் இந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமாக நிற்பதில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை வெண்தலைக் கழுகு பாதி கழுகு, பாதி பாறு. மீன் பிடிக்கும், கிடைத்தால் செத்த மானையும் கிழிக்கும். எங்கே போய் நின்றால் அது கண்ணில் படும், அதைக் காப்பாற்ற எதற்குப் பணம் கொடுப்பது நல்லது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்தச் சாப்பாட்டில்தான் இருக்கிறது.

இங்கே மதிப்பிடுவது மினசோட்டாவின் வாபஷா ஊரையும் அதைச் சுற்றி மிசிசிப்பி ஆற்றில் உள்ள மூன்று நிறுத்தங்களையும். மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களிலிருந்து நெடுஞ்சாலை 61 வழியாகத் தென்கிழக்கே சுமார் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். ஒரு பகல் போதும். அதிகாலையில் கிளம்பாவிட்டால் அந்தப் பகலில் பாதி வீண்.

குளிர் கூடக்கூட நல்லது

ஆறு முழுக்க உறைந்தால் கழுகுக்கு மீன் இல்லை. எங்குமே உறையாவிட்டால் மீன் எங்கும் உண்டு. கழுகுகளும் நூறு மைலுக்குச் சிதறிவிடும். பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை: பெரும்பாலான நீர் இறுகிப்போய், அங்கங்கே ஒரு துண்டு மட்டும் திறந்திருக்க வேண்டும். வாபஷாவுக்குச் சற்று மேலே அப்படி ஒரு துண்டு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. விஸ்கான்சின் பக்கமிருந்து சிப்பெவா ஆறு வேகமாக வந்து, மணலை அள்ளிக்கொண்டு மிசிசிப்பியில் விழுகிறது. அந்த மணல் ஆற்றை அடைத்துத் தேக்கியதில் உருவானதுதான் மேலே இருக்கும் பெப்பின் ஏரி. ஏரி உறைந்து, அதன்மேல் ஆட்கள் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே சிப்பெவா கலக்கும் இடத்தில் நீரோட்டம் பனிக்கட்டியைப் பிடிக்கவிடாது.

ஆகவே வானிலை அறிக்கையைப் பார்க்கும்போது வழக்கத்துக்கு மாறாக யோசிக்க வேண்டும். ஒரு வாரமாக இரவு வெப்பநிலை மைனஸ் 15 செல்சியஸுக்குக் கீழே என்றால் கிளம்பலாம். ஜனவரியில் திடீரென்று மூன்று நாள் இளவெயில் அடித்து, ஊரே சந்தோஷமாக வெளியே வருகிறதென்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். போனால் மரத்தில் நாலைந்து பறவைகள் மிஞ்சியிருக்கும். சீசன் பொதுவாக நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. பனி உடையும் மார்ச் முதல் வாரங்களில் வடக்கே திரும்பும் பறவைகளும் சேர்ந்துகொள்வதால் எண்ணிக்கை மறுபடி ஏறும். குளிர் தாங்காதவர்களுக்கு அந்த வாரங்கள்தான் தோது.

கழுகுகள் இங்கே கூடுவதற்கு இன்னொரு காரணம் கிஸ்ஸர்டு ஷாட் என்ற மீன். வெள்ளி நிறத்தில், உள்ளங்கை அளவிலிருந்து ஒன்றரைச் சாண் வரை இருக்கும். தண்ணீர் திடீரென்று குளிர்ந்தால் இதற்குத் தாங்காது. மயங்கி, பக்கவாட்டில் சாய்ந்து மேலே மிதக்கத் தொடங்கிவிடும். அணை மதகில் புகுந்து வரும் மீன்களும் அடிபட்டு அரைமயக்கத்தில்தான் வெளியேறும். வெண்தலைக் கழுகு ஆழத்துக்குப் பாயத் தெரியாத பறவை. நீர்மட்டத்தில் கிடப்பதைக் காலால் கொத்தாகப் பிடித்துத் தூக்குவதுதான் இதற்குத் தெரிந்த மீன்பிடி. அதனால்தான் அணைகளுக்குக் கீழே கூட்டம்.

எந்த நேரத்துக்கு எந்தக் கரை

பெரும்பாலான சுற்றுலாக் குறிப்புகள் இடங்களை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. வெயில் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வதில்லை. இங்கே அதுதான் பாதிக் காரியம்.

காலையில் முதலில் நிற்க வேண்டியது விஸ்கான்சின் கரையில் உள்ள ஆல்மா. வாபஷா பாலத்தைக் கடந்து நெல்சன் வழியாக நெடுஞ்சாலை 35-இல் சுமார் 12 மைல். பாறைக் குன்றுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நாடா மாதிரி நீளமாகக் கிடக்கும் சிறிய ஊர். தெருவை ஒட்டியே 4-ஆம் எண் அணையும், படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவும். இங்கே நின்றால் மேற்கே பார்க்கிறோம். காலை வெயில் முதுகுப் பக்கம். கழுகின் வெள்ளைத் தலையும் மஞ்சள் அலகும் பளிச்சென்று தெரியும். பொழுது விடிந்ததிலிருந்து பத்து, பத்தரை வரைதான் சுறுசுறுப்பாக மீன் பிடிக்கும். அதன்பின் வயிறு நிறைந்துவிட்டால் கிளையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் அசையாது. குளிரில் சக்தியைச் சேமிப்பது அப்படித்தான்.

மைனஸ் 20-ஐ ஒட்டிய காலைகளில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. திறந்த நீரிலிருந்து ஆவி எழுந்து அணையையே மறைத்துவிடும். சூரியன் குன்றுக்கு மேல் ஏறிக் காற்று சற்று அசையும் வரை எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது; காத்திருக்க வேண்டியதுதான். காரிலிருந்தே பார்க்கலாம். இறங்கினால், தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓடும் ரயில் தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள். சரக்கு ரயில்கள் இரவு பகல் ஓடும் பாதை அது. பனி மூடிய தண்டவாளத்தில், காதை மூடிய தொப்பியோடு, கண்ணில் பைனாகுலரை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு ரயில் வருவது தெரியாது.

மதியத்துக்கு மேல் மினசோட்டா கரைக்குத் திரும்பலாம். வாபஷாவிலிருந்து சுமார் மூன்று மைல் மேலே ரீட்ஸ் லாண்டிங். சிப்பெவா வந்து விழும் இடம் நேர் எதிரே. பிற்பகல் வெயில் இப்போது இந்தக் கரையில் நிற்பவருக்குப் பின்னால் விழும். எதிர்க்கரைக் காட்டன்வுட் மரங்களையும் நடுவில் மிதக்கும் பனித்தகடுகளையும் வரிசையாக அலசுங்கள். இங்கே தூரம் அதிகம், அதனால் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் இந்த நிறுத்தத்துக்குத்தான் அது உதவும்.

மூன்றாவது நிறுத்தத்தைப் போகும்போதோ வரும்போதோ சேர்த்துக்கொள்ளலாம்: ரெட் விங் ஊரின் கால்வில் பூங்கா, வாபஷாவுக்குச் சுமார் 30 மைல் முன்னால். மேலே உள்ள அணுமின் நிலையத்தின் வெதுவெதுப்பான வெளியேற்று நீர்தான் இங்கே ஆற்றை உறையவிடாமல் வைக்கிறது. பூங்காவின் மரங்களிலேயே, சில சமயம் நேர் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு மூன்றில் இதுதான் எளிது. பறவைக்குத் தொல்லை அதிகமாக நடப்பதும் இங்கேதான்.

மரத்தில் கழுகைத் தேடுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். பனி பெய்து முடிந்த மறுநாள் கிளைக்குக் கிளை வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருக்கும்; தலையை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். வெள்ளைக்குக் கீழே கறுத்த, நெட்டுக்குத்தான ஓர் உடல் இருக்கிறதா என்று பாருங்கள். இளம்பறவைகளுக்கு அந்த வெள்ளையும் கிடையாது. இலையுதிர்ந்த மரத்தில் அணில் கூடு மாதிரி ஒரு கறுப்புக் கட்டி தெரிந்தால், இரண்டு நிமிடம் அதிலேயே கண்ணை வையுங்கள். அணில் கூடு கழுத்தைத் திருப்பாது.

வயசைக் கண்டுபிடிப்பது

முழு வெள்ளைத் தலையும் வாலும் வர ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். முதல் வருடப் பறவை உடலெங்கும் கரும்பழுப்பு, அலகும் கறுப்பு. இரண்டு, மூன்று வயதில் வயிற்றிலும் முதுகிலும் வெள்ளை சிதறி, சுண்ணாம்பு தெளித்த மாதிரி அழுக்காகத் தெரியும். நான்காம் வயதில் தலை வெளுத்துவிடும், ஆனால் கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை பின்னோக்கி ஓடும். அந்தப் பட்டையை வைத்து ஆஸ்ப்ரே (விராலடிப்பான்) என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. ஜனவரியில் மினசோட்டாவில் ஆஸ்ப்ரே இருக்காது. செம்பருந்தைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, குஞ்சுப் பருவத்துக்கும் முதிர்ந்த பருவத்துக்கும் உள்ள இந்த வேற்றுமை புதிதல்ல.

உண்மையான குழப்பம் பொன்னாங்கழுகோடு வரும். இந்த ஆற்றை ஒட்டிய குன்றுகளில் குளிர்காலத்தில் அதுவும் இருக்கிறது. ஆற்றோரத்தில் அல்ல, உள்ளே மலைச்சரிவுப் புல்வெளிகளில். பறக்கும்போது வெண்தலைக் கழுகு பலகையை நீட்டிப் பிடித்த மாதிரி இறக்கையைத் தட்டையாக வைத்துக்கொள்ளும், தலையும் அலகும் முன்னால் நன்றாக நீண்டு தெரியும். பொன்னாங்கழுகு இறக்கையைச் சற்று மேல்நோக்கி வளைக்கும், தலை சிறியது. இளம்பறவைகளில் வெள்ளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெண்தலைக் கழுகுக்கு இறக்கையின் அடியில், அக்குள் பக்கம். பொன்னாங்கழுகுக்கு இறக்கையின் வெளிப்பாதிச் சிறகுகளின் அடியிலும் வாலின் அடிப்பகுதியிலும், வெட்டி ஒட்டியது போல் தெளிவாக. உட்கார்ந்திருந்தால் காலைப் பாருங்கள்: விரல் வரை சிறகு மூடியிருந்தால் பொன்னாங்கழுகு, கீழ்க்கால் மஞ்சளாக வெறுமனே இருந்தால் வெண்தலை.

குரலை நம்பிப் போகாதீர்கள். சினிமாவில் கழுகு வரும்போது கேட்கும் அந்தக் கம்பீரமான நீண்ட கீச்சல் பெரும்பாலும் செவ்வால் பருந்தினுடையது. இதன் சொந்தக் குரல் மெல்லிசாக, கிளுகிளுவென்று, இவ்வளவு பெரிய உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

பனிக்கட்டியின் மேல் ஒன்று சாப்பிடுவதைப் பைனாகுலரில் பிடித்துவிட்டால், மற்றவற்றை விட்டுவிட்டு அதிலேயே இருங்கள். மீனை ஒரு காலால் பனியோடு அழுத்திப் பிடித்திருக்கும். அலகால் மட்டும் இழுக்காது; கழுத்தைக் குனிந்து கவ்வி, முழு உடம்பையும் பின்னுக்குச் சாய்த்துக் கிழிக்கும். பின்னால் இரண்டு காக்கைகள் வந்து நிற்கும். ஒன்று வால்சிறகைக் கொத்தி இழுக்கும், கழுகு திரும்பும் கணத்தில் மற்றது ஒரு துண்டோடு போய்விடும். அடுத்து இறங்குவது இன்னொரு கழுகு. பறந்து இறங்குகிற வேகத்திலேயே காலை முன்னால் நீட்டிக்கொண்டு வரும். பிடித்தவர் விட்டுக்கொடுத்துவிடுவதுதான் அதிகம். சொந்தமாக மீன் பிடிப்பதைவிட அடுத்தவர் பிடித்ததைப் பறிப்பது மலிவு என்பதை ஐந்து வருடத்துக்குள் எல்லாக் கழுகும் கற்றுக்கொண்டுவிடுகிறது. சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளம், கழுத்துக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும் தீனிப்பை. அது புடைத்திருந்தால் இனி ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பறவை எங்கும் போகாது.

கருவிகள், குளிரில் அவை செய்யும் கோளாறுகள்

பைனாகுலரில் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். 10× வாங்கத் தோன்றும். ஆனால் தடித்த கையுறைக்குள் நடுங்கும் கையில் 10× நிற்காது, பார்வைப் பரப்பும் குறைந்துவிடும். 8×42-இல் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; மங்கலான டிசம்பர் காலையிலும் மாலையிலும் அதன் அருமை தெரியும். ஸ்கோப் 20–60 என்று எழுதியிருந்தாலும், திறந்த நீருக்கு மேலே 30-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நெளியும் காற்றைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள்.

'லென்ஸ் சரியில்லை, ஃபோகஸ் ஆகவில்லை' என்ற புகாரில் பெரும்பங்கு உண்மையில் காரின் ஹீட்டர் செய்யும் வேலை. ஜன்னலை இறக்கியதும் உள்ளே இருக்கும் சூடான காற்று அந்தத் திறப்பு வழியாகப் பொங்கி வெளியேறும். அதன் ஊடாகப் பார்த்தால் எந்தப் பறவையும் தண்ணீருக்குள் இருப்பது போல் ஆடும். ஹீட்டரை அணைத்து, இரண்டு ஜன்னலையும் திறந்து, பத்து நிமிடம் காரை ஆறவிடுங்கள். குளிரத்தான் செய்யும், ஆனால் படம் நிற்கும். கண்ணாடியை ஏற்றி அதன் வழியாகப் பார்ப்பது இதைவிட மோசம்.

கண் வைக்கும் லென்ஸில் மூச்சு பட்டால் மைனஸ் 15-இல் அது நீராக அல்ல, உறைபனியாகவே படியும். விரலால் தேய்த்தால் பூச்சு கீறும். மூச்சைக் கீழ்நோக்கி விடப் பழகுங்கள், கழுத்துத் துணியை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து சூடான கட்டடத்துக்குள் போகும்போது கேமராவையும் பைனாகுலரையும் வெளியிலேயே பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டு உள்ளே போங்கள். ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். கழுகு மையத்துக்குள் நுழைந்ததும் கேமராவை எடுப்பவர்கள் ஈரம் வழியும் லென்ஸோடுதான் நிற்பார்கள். பேட்டரி உபரியாக ஒன்று, சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில்.

படம் எடுப்பவர்களுக்கு: கறுத்த குன்றைப் பின்னணியாக வைத்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளைத் தலை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துத் தொடங்குங்கள். பின்னணி பனியென்றால் கதை தலைகீழ், உடல் கரிக்கட்டையாகாமல் இருக்க ஒரு படி கூட்டுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1600-க்குக் குறையாமல், லென்ஸ் 400 மி.மீ.-க்குக் குறையாமல்.

உடுப்பில் பலர் கோட்டுக்குச் செலவழித்துவிட்டுக் காலை மறந்துவிடுகிறார்கள். நடக்கும் குளிர் வேறு, நிற்கும் குளிர் வேறு. காலுக்கடியில் போட ஒரு துண்டு ஃபோம் பாய் இருந்தால் கூடுதலாக அரை மணி நேரம் நிற்கலாம். ஆற்றின் பனிமேல் இறங்குவது மட்டும் வேண்டாம். ஏரியில் மீன்பிடிக்காரர்கள் நடக்கிறார்களே என்று பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். ரீட்ஸ் லாண்டிங்கில் கழுகுகள் கூடுவதே கீழே ஓட்டம் இருப்பதால்தான். மேலே திடமாகத் தெரியும் தகடு அடியில் அரிக்கப்பட்டிருக்கும்.

தேசியக் கழுகு மையம்

வாபஷாவில் ஆற்றங்கரையிலேயே, பாலத்துக்கு அருகே இருக்கிறது நேஷனல் ஈகிள் சென்டர். 1989-இல் ஆற்றோரம் நின்று வந்தவர்களுக்குக் கழுகு காட்டத் தொடங்கிய தன்னார்வலர்களின் முயற்சியிலிருந்து வளர்ந்தது. இப்போதுள்ள கட்டடம் 2007-இல் திறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம்தான் அமெரிக்க அரசு வெண்தலைக் கழுகை ஆபத்துக்குள்ளான உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. அலாஸ்காவையும் ஹவாயையும் நீக்கிப் பார்த்தால், 1963-இல் நாடு முழுக்க 417 கூடு கட்டும் ஜோடிகள்தான் எஞ்சியிருந்தன. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகுக்குள் போய் முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை உடைந்தது. 1972-இல் டிடிடிக்குத் தடை. 2021-இல் வந்த அரசின் கணக்கெடுப்பு அறிக்கை அதே 48 மாநிலங்களில் 71,400 கூடு கட்டும் ஜோடிகள், மொத்தம் 3,16,700 பறவைகள் என்று மதிப்பிட்டது.

மையத்துக்குள் இருப்பவை காயம்பட்டு, இனி காட்டில் பிழைக்க முடியாத கழுகுகள். கம்பிக்கூண்டின் தூரத்தில் அல்ல, சில அடி தூரத்தில் பார்க்கலாம். அந்தச் சில அடிக்குத்தான் டிக்கெட். ஆற்றங்கரையில் எந்த ஸ்கோப்பும் காட்டாத ஒன்றை இங்கே பார்க்கலாம்: கண்ணின் மூன்றாம் இமை. மேலும் கீழும் அல்ல, மூக்குப் பக்கமிருந்து பின்னோக்கி, பால் நிறத்தில் மெல்லிய திரை ஒன்று ஓடி மறையும். கண்சிமிட்டும் நேரம்கூட ஆகாது. ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்ததற்காகக் காத்துக்கொண்டே நிற்பீர்கள். பாதத்தின் அடியில் இருக்கும் சொரசொரப்பான முட்களையும் கேட்டுப் பாருங்கள். வழுக்கும் மீனைப் பிடித்து நிறுத்துபவை அவைதான்.

எப்போது போவது? குளிர் நன்றாக இருக்கும் நாளில் மையத்தைப் பதினொன்றரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கழுகுகள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் அது, உங்கள் காலும் விறைத்திருக்கும். பயிற்சியாளர் ஒரு கழுகைக் கையில் வைத்துப் பேசும் நிகழ்ச்சியின் நேரத்தை வலைத்தளத்தில் பார்த்துவிட்டு அதற்கேற்ப நுழையுங்கள். அதைத் தவறவிட்டால் பாதியைத் தவறவிட்டது போல. வெளியே ஆற்றைப் பார்த்த டெக் உண்டு, ஆனால் ஆற்றுக்காற்று நேராக அடிக்கும் இடம். பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் வரிசையை மாற்றி, மையத்தை முதலில் வைப்பது நல்லது. கழுகு எவ்வளவு பெரியது என்று அருகில் பார்த்த பிறகுதான், இறக்கை விரித்தால் இரண்டு மீட்டர் வரும் அந்தப் பறவை தூரத்து மரத்தில் புள்ளியாகத் தெரிவதைக் குழந்தை பொறுத்துக்கொள்ளும்.

இரண்டு மணி நேரத்துக்குத் தரமான இடம். மிதமான குளிர்காலத்தில், ஆறு ஏமாற்றிவிட்ட நாளில், பயணத்தைக் காப்பாற்றுவதும் இதுதான்.

பணத்தை எங்கே போடுவது

மையத்தின் டிக்கெட் பணம் அங்கிருக்கும் பறவைகளுக்கும் கல்வி வேலைக்கும் போகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரிசுக் கடையில் செலவழிக்கத் தயாராக இருக்கும் 25 டாலருக்கு மட்டும் வேறொரு யோசனை: ஃபெடரல் டக் ஸ்டாம்ப், அதாவது நீர்ப்பறவைப் படம் போட்ட மத்திய அரசின் முத்திரை. தபால் நிலையத்தில் கிடைக்கும். 1934-இலிருந்து வருகிறது. நீர்ப்பறவை வேட்டைக்காரர்களுக்குக் கட்டாயம், மற்றவர்களுக்கு விருப்பம். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை அறுபது லட்சம் ஏக்கருக்கு மேல். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை செல்லும், ஆகவே ஜனவரியில் வாங்கினால் ஆறு மாதம்தான். நுழைவுக் கட்டணம் உள்ள தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் இதைக் காட்டி இலவசமாகப் போகலாம். வாபஷாவில் அந்தச் சலுகைக்கு வேலையில்லை; இந்த ஆற்றோரம் நெடுக 261 மைலுக்கு நீளும், 1924-இல் நிறுவப்பட்ட மேல் மிசிசிப்பி புகலிடத்துக்குக் கட்டணமே இல்லை. ஸ்டாம்பில் இருப்பது கழுகின் படம் அல்ல, வாத்தோ அன்னமோதான். கழுகு ரசிகர்கள் இதனாலேயே கண்டுகொள்வதில்லை. ஆனால் கழுகு உட்காரும் மரமும் மீன் வளரும் சதுப்பும் வாத்தின் பெயரில்தான் வாங்கப்படுகின்றன.

மினசோட்டாவில் வரி கட்டுபவர்கள் மாநில வரிப் படிவத்தில் லூன் பறவைப் படம் போட்ட இடத்தைத் தேடலாம். அங்கே எழுதும் தொகை வேட்டைக்கு உட்படாத உயிரினங்களுக்கான திட்டத்துக்குப் போகும். பத்து டாலர் எழுதினாலும் சரி.

இனி அந்தப் 'பாதி பாறு' விஷயம். நவம்பரில் மான் வேட்டை. சுட்ட மானின் குடலை வேட்டைக்காரர் காட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்; கழுகுக்கு அது விருந்து. ஈயக் குண்டு மானுக்குள் புகுந்ததும் நூற்றுக்கணக்கான துணுக்குகளாகச் சிதறி, துளையிலிருந்து வெகுதூரம் வரை தசையிலும் குடலிலும் தங்கிவிடுகிறது. எலும்பையே கரைக்கும் கழுகின் இரைப்பை அமிலம் ஈயத்தையும் கரைத்து ரத்தத்தில் சேர்க்கும். அரிசி மணி அளவு போதும், ஒரு கழுகு சாக. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்ததில், வெண்தலைக்கும் பொன்னாங்கழுகுக்கும் ஏறக்குறைய பாதிக்கு நாள்பட்ட ஈய நச்சு இருந்தது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு 1991-இலிருந்து நாடு முழுக்கத் தடை. மான் வேட்டைக்கு அப்படியொரு தடை நாடு தழுவி இல்லை. ஆகவே மான் வேட்டைக்குப் போகும் சக ஊழியரோ பக்கத்து வீட்டுக்காரரோ இருந்தால், செம்புக் குண்டு ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள், அல்லது குடலைப் புதைத்துவிடச் சொல்லுங்கள். நூறு டாலர் நன்கொடை செய்யாததை இந்த ஒரு பேச்சு செய்துவிடும்.

நச்சேறிய கழுகைக் கரையிலேயே பார்க்க நேரலாம். இறக்கை இரண்டும் தொங்கி, தலை கவிழ்ந்து, ஆள் நெருங்கியும் பறக்காமல், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். எச்சம் பச்சையாக இருக்கும். பிடிக்கப் போகாதீர்கள், சோர்ந்த கழுகின் நகமும் கையைத் துளைக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, செயின்ட் பாலில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கீழ் 1974 முதல் இயங்கும் வேட்டைப்பறவை மருத்துவமனையான ராப்டர் சென்டருக்குப் போன் செய்து அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம். 2022 முதல் பறவைக் காய்ச்சலும் கழுகுகளைக் கொன்றிருக்கிறது.

கீழே கிடக்கும் சிறகையும் எடுக்கக் கூடாது. 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒற்றைச் சிறகை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். முதல் குற்றத்துக்கே ஒரு லட்சம் டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை. சடங்குக்குச் சிறகு தேவைப்படும் பழங்குடி மக்களுக்குக் கொலராடோவில் உள்ள அரசுக் களஞ்சியத்திலிருந்து அனுப்பப்படுகிறது. அதே சட்டம் தொல்லை கொடுப்பதையும் தடுக்கிறது. கூடு கட்டும் பருவத்தில், அது இங்கே பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும், கூட்டிலிருந்து 330 அடிக்குள் போகாதிருக்கச் சொல்கிறது அரசின் வழிகாட்டி. உட்கார்ந்திருக்கும் பறவையைப் பறக்கவைத்துப் படம் எடுக்கக் கைதட்டுவது, ஹார்ன் அடிப்பது, டிரோன் ஏற்றுவது எல்லாம் கால்வில் பூங்கா போன்ற இடங்களில் அடிக்கடி வரும் புகார்கள். புகலிட நிலத்தில் டிரோன் ஏற்றுவதே தடை. கார் கழுகுக்குப் பயமில்லாத பொருள். கதவு திறந்து இரண்டு கால் வெளியே வந்ததும்தான் பறக்கும். காரிலேயே உட்காருங்கள்.

நேரம் தரத் தயாராக இருப்பவர்களுக்கு இரண்டு கணக்கெடுப்புகள். 1900-இலிருந்து நடக்கும் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு, டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை. சேரக் கட்டணம் இல்லை. 1979-இல் தொடங்கிய நடுக்குளிர்கால வெண்தலைக் கழுகுக் கணக்கெடுப்பு ஜனவரித் தொடக்கத்தில். ஒவ்வொரு வருடமும் அதே பாதை, வெள்ளைத் தலைகளையும் இளம்பறவைகளையும் தனித்தனியாக எண்ணுவார்கள். மேலே சொன்ன வயசுக் கணக்கு பயன்படும் இடம் அது.

டிசம்பர் கடைசியில் நாலரைக்கே பொழுது சாயும். நாலு மணிக்குத் திரும்பக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த அரை மணி நேரத்தில் ஆற்றோர மரங்களிலிருந்து கழுகுகள் ஒவ்வொன்றாக எழும்பி, காற்றுப் படாத மலை மடிப்புகளுக்கு இரவு தங்கப் போகும். நாள் முழுக்கத் தேடி எண்ணியதைவிட அதிகமாக, எதிர்பாராத மரங்களிலிருந்தெல்லாம் கிளம்பும். ரீட்ஸ் லாண்டிங்கிலேயே நில்லுங்கள். இப்போது ஆற்றைப் பார்க்க வேண்டாம், முதுகுப் பக்கம் இருக்கும் குன்றின் விளிம்பைப் பாருங்கள்.